ஆக்ரிங்டன், இங்கிலாந்து, நவம்பர்

நவம்பர் 3, திங்கள்

இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ராத்திரி முழுக்க அப்பாவுக்கு இருமல். காலையில் கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு, வா ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்கிறார். ஓக் ஹில் பூங்கா வரை போனோம். போர் நினைவுச் சின்னத்தில் முதல் உலகப்போரில் செத்த இந்த ஊர்க்காரர்கள் 865 பேர். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டினார். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அண்ணன் தம்பியா, பக்கத்துத் தெருவா, எப்படித் தெரியும்? "இதுல மில்லுக்காரங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். என்ன வேலை பார்த்தார்கள் என்று கல்லில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

வெளியே பட்டாசு, கை ஃபாக்ஸ் இரவு என்ற பண்டிகை, இங்கே இன்றைக்குத்தான். அப்பாவுக்குத் தூக்கமில்லை. இந்த ஊரில் நூற்பு இயந்திரம் செய்த ஹோவர்ட் அண்ட் புல்லோ கம்பெனி பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் அவர் ஃபிட்டராகச் சேர்ந்தபோது நூல் நூற்கும் பழைய ரிங் ஃப்ரேமின் இரும்பில் அந்தப் பெயரும் கீழே ஆக்ரிங்டன் என்றும் வார்த்திருந்ததாம். விரல் வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார். 1914 கோடையில் அந்தக் கம்பெனியில் தகராறு, கதவடைப்பு. நெசவு மில்களிலும் வேலை குறைவு. செப்டம்பரில் மேயர் போருக்கு ஆள் சேர்த்தபோது பத்தே நாளில் ஊர்ப் பட்டாளம் நிரம்பிவிட்டது. நாட்டுப்பற்று மட்டும் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சம்பளமில்லாத வீடுகளும்தான் அனுப்பின.

நவம்பர் 6, வியாழன்

கடிதம் இல்லை. போன் செய்தேன். "இன்னும் ரிப்போர்ட் வரவில்லை."

நவம்பர் 7, வெள்ளி

1916 ஜூலை 1, பிரான்ஸில் செர் கிராமத்துக்கு எதிரே. காலை ஏழரைக்குத் தாக்குதல். இந்த ஊர்ப் பட்டாளத்தில் போனவர்கள் ஏறக்குறைய 720 பேர். அரை மணி நேரத்துக்குள் 584 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே இருக்கலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அதனால் அடியும் ஒரே ஊர்மேல் விழுந்தது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்கு அடுத்த நாட்கள். முதலில் வந்த பத்திரிகைகள் வெற்றி என்றன. காயம்பட்டவர்களின் கடிதங்கள் வேறு மாதிரி சொல்லின. நெசவுக்கூடத்துத் தறிச் சத்தத்தில் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அந்த வாரம் யார் வாயைப் பார்க்கவும் பயந்திருப்பார்கள். கடைசியில் மேயர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு உண்மையைச் சொல் என்று கேட்டார்களாம். கேட்டது நியாயம். தெரியாமல் இருப்பதைவிட எதுவும் மேல்.

நிஜமாகவா? இன்றைக்கு அப்படித் தோன்றுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பூங்காவில் நினைவு நிகழ்ச்சி. அப்பா மஃப்ளர், என் கணவரின் கோட்டு. 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். இருமல் வந்துவிடக்கூடாதே என்று அவர் வாயைப் பொத்தியபடி நின்றார், வரவில்லை. திரும்பும்போது செர்ரில் உள்ள நினைவுச் சுவரைப் பற்றிச் சொன்னேன். ஆக்ரிங்டன் சிவப்புச் செங்கல்லால் 1991இல் கட்டியது. "ஊர்க் கல்லையே கொண்டுபோயிருக்காங்க, சரிதான்" என்றார். அங்கே போய்ப் பார்க்கணும் என்கிறார். ஜூலையில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

போன் வந்தது. நாளை 9.40க்கு வரச் சொல்கிறார்கள், கூட ஒருவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.