மிக்க நன்றி!

மகள் ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமைக்குள் எழுத்தின் தொனியைக் குறிக்கும் 30 ஆங்கிலச் சொற்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் கேட்ட ஒரு பேச்சை உதாரணமாக எழுத வேண்டுமாம். ஞாயிறு காலை நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். சும்மா இருப்பேனா? "இதெல்லாம் தொல்காப்பியர் எப்பவோ சொல்லிட்டார்" என்று ஆரம்பித்தேன். மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவது, எட்டு; ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம், ஆக 32. "உங்க டீச்சரைவிட ரெண்டு கூட! நகைக்கு, அதான் சிரிப்புக்கு, மட்டும் பார், எள்ளல், இளமை, பேதைமை, மடன்."

"பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வித்தியாசம்?"

"பேதைமைன்னா அறியாமை. மடன்னா, ஒருத்தர் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டு விடாம இருக்கிறது."

"முட்டாள்தனத்துக்கு மட்டும் ரெண்டு சீட்டா?" என்றாள். சமையலறையிலிருந்து ஒரு தலை எட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. சார்காஸ்டிக்குக்குப் பாட்டி ஒருவரே பத்து உதாரணம் தந்தார். கன்டிசென்டிங்குக்குத் தமிழில் மேட்டிமைத்தனம் என்றேன்; அவள் "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று எழுதி, பக்கத்தில் 'பெரியப்பா' என்று போட்டுக்கொண்டாள். அங்கலாய்ப்பு, பொருமல், குத்தல், சலிப்பு எதற்கும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது: மேட்டர் ஆஃப் ஃபேக்ட். கோபமோ குழைவோ இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது. பாட்டியிலிருந்து நாய்க்குட்டி வரை யோசித்தோம். அப்படிப் பேசுகிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த நேரத்தில்தான் மொட்டை மாடித் தொட்டி வழிகிறது என்று போன் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் செக்ரட்டரி (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை). உடனே வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன்: "மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோன புண்ணியவானுக்கு மிக்க நன்றி. மாடி சுத்தமாகக் கழுவப்பட்டுவிட்டது."

அனுப்புவதற்குள் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது சார்காஸ்டிக்."

"இல்லம்மா, வஞ்சப்புகழ்ச்சி. ஔவையாரே செஞ்சிருக்காங்க. தொண்டைமானோட ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, நெய் பூசிப் பளபளன்னு இருக்கு, அதியமானோடது முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு தொண்டைமான்கிட்டயே சொன்னாங்க. அவனோடது போரே பார்க்காத ஆயுதம்னு அர்த்தம்."

"அவங்க தூது போனாங்க. நீங்க மெயின்டனன்ஸ் காசு வசூல் பண்ணணும்."

நியாயம்தான். செல்போனை வாங்கி, பட்டியலில் பதினோராவதாக இருந்த எம்பத்தெடிக் தொனியில் அவளே எழுதி அனுப்பினாள்: "அன்பு உறவுகளே, மோட்டாரை நிறுத்த மறப்பது யாருக்கும் நேரக்கூடியதே. மனம் வருந்த வேண்டாம். அடுத்த முறை சேர்ந்தே கவனமாக இருப்போம்."

குழு ஐந்து நிமிடம் மூச்சு விடவில்லை. பிறகு முதல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தனியாகப் போன் செய்தார். "தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" மூன்றாம் மாடி அக்கா, ராஜினாமா செய்யப்போகிறேனா என்று கேட்டார். இன்னொருவர் குழுவிலேயே கைகூப்பும் படம் நான்கு போட்டார். என் போனை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு மாடிப்படியில் ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவே வாட்ச்மேன் அண்ணனின் குரல் பதிவு வந்து விழுந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், காலைல ஆறரைக்கு மோட்டார் போட்டது நீங்கதான் சார்."

அவ்வளவுதான். ஒரு ஏற்ற இறக்கம் இல்லை.

மகள் பேனாவைத் திறந்து முப்பதாவது சொல்லுக்கு எதிரே எழுத ஆரம்பித்தாள்.