அப்பாவின் இரண்டு பெயர்களும் அம்மாவின் பென்ஷனும்

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் கணக்கில் பென்ஷன் ஏறிவிட்டது. நிலுவையும் சேர்த்து. ஸ்தோத்திரம்.

அப்பா இறந்து பதினான்கு மாதம். நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துப் பதினோரு மாதம். நீலகிரியில் பந்தலூர், கூடலூர் பக்கம் எங்களைப் போல சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் இதே சிக்கல் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளுக்குள் கிடக்கிறது. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்தப் பதினோரு மாதத்தில் பாதி அலுவலகங்களால் போனது. மீதி என்னால் போனது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிக்கல் இதுதான். அப்பாவுக்கு இரண்டு பெயர். இலங்கைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கிடைத்து, 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர் அவர். அப்போது பாஸ்போர்ட்டில் இருந்தது தாத்தா வைத்த முருகன் பெயர். மண்டபம் முகாமில் எழுதியதும், தேயிலைத் தோட்டத்து செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், ஏறியதும், வைப்பு நிதிக்குப் போனதும் அதே பெயர். பிறகு இங்கே வந்து ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தபோது ஓர் அப்போஸ்தலனின் பெயரை வைத்துக்கொண்டார். ரேஷன் கார்டு, ஆதார், கடைசியில் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரில். அவர் உயிரோடு இருந்தவரை, பென்ஷன் வாங்கிய வங்கியில் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், தொந்தரவு வரவில்லை. இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் கேட்டு 10-டி படிவம் கொடுக்கப் போனபோதுதான் இரண்டு பெயரும் இரண்டு ஆளாகிவிட்டன.

பெரிய தொகை ஒன்றும் இல்லை. 1995 ஓய்வூதியத் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். அம்மாவுக்குக் கிடைப்பது அதை ஒட்டித்தான். ஆனால் அம்மாவுக்கு அது அப்பா கொடுக்கும் காசு.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குப் பதினாறு வயதில் அப்பா காலை உடைத்துக்கொண்டு எட்டு மாதம் படுத்தபோது கொழுந்து பறித்துக்கொண்டே வீட்டை நடத்தியவள். யாரிடமும் போய் நின்றதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் வீட்டுச் சுவரில் சங்கீதம் 37:5 தொங்குகிறது: "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்." இருபது வருஷமாக அதன் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

முதல் பயணம் ஆகஸ்டில். சமவெளியில் இருக்கும் வைப்பு நிதி அலுவலகத்துக்கு விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டில் யானை நின்றதால் பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. நடுவட்டம், ஊட்டி, குன்னூர், பர்லியாறு என்று இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை. கவுன்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது வேற ஆள்மா" என்றார். என் அப்பாவை. நான் பாஸ்போர்ட் நகலை நீட்டினேன், பார்க்கவில்லை. "ரெண்டும் ஒரே ஆள்னு சான்று கொண்டு வாங்க." யாரிடம் வாங்குவது, எப்படி இருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கவுன்டரை விட்டு நகரும் முன் என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. ரோஷத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ரோஷத்திலேயே மூன்று மாதம் போனது. நோட்டரி வக்கீலிடம் அஃபிடவிட் போட்டேன். தோட்டத்து ஆபீசில் கடிதம் கேட்டேன். "பழைய செக்ரோல் எங்கே இருக்குன்னு தேடணும், அடுத்த வாரம் வாங்க" என்று நாலு முறை திருப்பி அனுப்பினார்கள். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்பு கேட்கும்போது கூட வாய் திறக்கவில்லை. வீட்டில் ஜெபம் பண்ணினேன், பண்ணாமல் இல்லை. ஆனால் எப்படி? "ஆண்டவரே, திங்கட்கிழமை தோட்டத்தில் கடிதம் கிடைக்க வேண்டும், புதன்கிழமை நான் கீழே போக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்." எல்லாவற்றையும் நானே முடிவு செய்துவிட்டு அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் இரண்டாம் பயணம். அஃபிடவிட் மட்டும் போதாது, பெயர் மாறிய காலத்து ஆவணம் ஏதாவது வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் குன்னூர் சாலையில் மண் சரிவு என்று பஸ்ஸைக் கோத்தகிரி வழியாகத் திருப்பினார்கள். ஊட்டியில் இன்னொரு பஸ் பிடித்துக் கூடலூர் வந்து இறங்கும்போது இரவு பத்து தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டது. மழை. பஸ் ஜன்னல் ஓரமாக மடியில் வைத்திருந்த பைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் ஃபைல் முழுக்க ஈரம். அப்பாவின் ஒரிஜினல் பென்ஷன் ஆணை, அதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டியிருக்கும், அது ஓரத்தில் உரிந்து நின்றது.

பஸ் ஸ்டாண்ட் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன், ஒன்றுமே வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றுமே வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. 2 நாளாகமம் 20-இல் யோசபாத் ராஜா ஜனங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்கிற வார்த்தை நினைவுக்கு வந்தது: "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை." ஒரு ராஜா, யூதா ஜனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தெரியவில்லை என்கிறான். பிறகுதான் எங்கள் கண்கள் உம்மையே நோக்குகிறது என்கிறான். எனக்கு அந்த முதல் பாதியைச் சொல்லவே இவ்வளவு நாள் ஆயிற்று. "எனக்குத் தெரியல ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான். தேதி சொல்லவில்லை, கிழமை சொல்லவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மழை நிற்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்தேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவரின் வீடு கூடலூரில்தான். அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பி "வந்து கூட்டிட்டுப் போங்கக்கா" என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை என்னைப் போல வளர்ந்தவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். ஜெபத்தை விட அந்த போன் கஷ்டமாக இருந்தது.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆட்டோவில் வந்தார்கள். வீட்டுக்குப் போனதும் சூடாகச் சாயா. பிறகு அக்கா கட்டில் மேல் செய்தித்தாளை விரித்து, என் ஃபைலிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒட்டிக்கொண்டவற்றை இழுக்காமல், ஓரத்தில் ஊதி ஊதிப் பிரித்தார். மேலே இன்னொரு செய்தித்தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து லேசாக ஒற்றி எடுத்தார். போட்டோ உள்ள தாளுக்கு மட்டும் இஸ்திரி வைக்கவில்லை, ஃபேன் காற்றில் காய விட்டார். நான் எழுந்து உதவப் போனேன். "நீ உக்காரு புள்ள" என்றார். உட்கார்ந்தேன்.

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஞானஸ்நான ரிஜிஸ்டர் பாத்தியா?"

பார்க்கவில்லை. பெயர் மாறிய அன்றே எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. நோட்டரியையும் தோட்டத்தையும் தேடி ஓடிய நான், வாரா வாரம் உட்கார்ந்திருக்கும் கோயிலில் கேட்கவில்லை.

சரி, இனி எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். நானும் உடனே மாறிவிடவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து ஜெபவீடு வேறொரு சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த வட்டத்தின்) கீழ் இருந்தது. பிற்பாடு சேகரம் பிரிந்ததில் பழைய ரிஜிஸ்டர்கள் தாய்ச் சபையில் தங்கிவிட்டன. எங்கள் சபை ஐயர் (போதகர்) அங்கே உள்ள ஐயருக்குக் கடிதம் கொடுத்தார். ரிஜிஸ்டரைப் பார்க்க சனிக்கிழமைதான் விடுவார்கள். அப்பாவோடு ஒரே கப்பலில் வந்த பெரியப்பா ஒருவர் இருக்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு போ என்று அக்கா சொன்னார். எழுபது தாண்டியவரை எதற்கு அலைய வைப்பது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தனியாகப் போனேன். அம்மா 1979 ஈஸ்டர் என்றார். 1979 முழுக்கப் புரட்டினேன். இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போய் 1978-ஐப் புரட்டினேன். இல்லை. இரண்டு சனிக்கிழமை, இரண்டு நாள் கூலி.

மூன்றாம் வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று தயங்கித்தான் சொன்னேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே பேசினார். "எழுபத்தொம்பது இல்ல மகளே, எம்பது. ஈஸ்டரும் இல்ல, குருத்தோலை ஞாயிறு. நானும் அன்னைக்குத்தான் எடுத்தேன். உங்க அப்பனுக்கு அடுத்த வரி என்னுது."

அடுத்த வரி அவருடையதுதான். நீண்ட தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, நீல மை கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. புதுப்பெயர், பழைய பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர், எல்லாம் ஒரே வரியில். முருகன் பெயரும் அப்போஸ்தலன் பெயரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். பெரியப்பா தன் வரியில் விரல் வைத்துவிட்டு, மெதுவாக ஒரு வரி மேலே நகர்த்தினார். நான் அழுதேன். ஐயர் எங்களை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

சபையின் முத்திரையோடு அந்தப் பதிவின் நகலை வாங்கினோம். பெரியப்பா தன் பாஸ்போர்ட்டோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தான் எந்த டிவிஷனில் எந்த வருஷம் பேர் பதிந்தது என்று சொன்னார். அதே பக்கத்தில் அப்பாவும் இருந்தார். நான்கு முறை எனக்குக் கிடைக்காத கடிதம் அன்று மாலையே கிடைத்தது.

மார்ச்சில் மூன்றாம் பயணம். இந்த முறை அக்காவும் வந்தார். வேறு ஓர் அதிகாரி, பொறுமையாகப் பார்த்தார், ரசீது கொடுத்தார். பத்து நிமிடம்.

இதே வேலையாக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இறந்த பிறகு பழைய பென்ஷன் கணக்கில் பணம் ஏறினால் எடுக்காதீர்கள், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பின்னால் திருப்பிக் கேட்பார்கள். கப்பலில் வந்தவர்களின் பாஸ்போர்ட்டையும் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரிஜினலாக யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போடுங்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பென்ஷன் பதிவில் பெயரைத் திருத்திவிடுங்கள். உங்கள் சபையில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆபீசிலும் இல்லை.

விசுவாசம் என்றால் ஜெராக்ஸ் எடுக்காமல் கையை வீசிக்கொண்டு போவது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் மூன்று செட் எடுத்துக்கொண்டுதான் போனேன். மாறியது வேறு. ரசீது வாங்கி வந்த பிறகு பணம் வர நான்கு மாதம் ஆனது. முன்பு போல இருந்தால் தினமும் போன் போட்டு விசாரித்திருப்பேன், ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். இப்போது மாதம் ஒரு முறை கேட்டேன். ரசீதை வேதாகமத்தில் நாளாகமப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் படுத்தேன். சில ராத்திரி மனம் பதறத்தான் செய்தது. அப்போது அக்காவுக்கு போன் செய்தேன். அவர் போனிலேயே ஜெபித்தார்.

பணம் ஏறிய அன்று அம்மா முதல் காணிக்கைக்கு நூறு ரூபாய் எடுத்து வைத்தார். பெரியப்பாவுக்கு ஒரு கம்பளி வாங்கச் சொன்னார்.

இன்னும் வீட்டுப் பட்டா இருக்கிறது. அதுவும் முருகன் பெயரில்தான். வரும் வெள்ளிக்கிழமை அதற்காகப் போக வேண்டும். நேற்றே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை நாளில் முடியும் என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியலம்மா என்றேன்.