மகளுக்குக் கிரோன் நோய்: எங்கள் வீட்டைத் தாங்கியவை

பத்து வயதுக் குழந்தை வளராமல் நின்றுவிட்டால் குடலில் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. என் மகளுக்கு அடிக்கடி வயிற்று வலி, வாயில் புண், ரத்தசோகை, மாலையானால் எழுந்திருக்க முடியாத சோர்வு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொன்னார்கள், ஒரு மருந்தும் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் அவளுடைய பழைய உயரம், எடைக் கணக்கை எல்லாம் வாங்கி ஒரே தாளில் கோடாக வரைந்து பார்த்தார். ஏறிக்கொண்டே வந்த கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது.

முதலில் மலப் பரிசோதனை. குடலில் அழற்சி இருந்தால் அங்கே கூடும் வெள்ளை அணுக்களிலிருந்து கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் வெளியாகி மலத்தில் கலக்கும். அவளுக்கு அது மிக அதிகமாக இருந்தது. அப்புறம் ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன், கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் கொலனோஸ்கோப்பி குழந்தைக்குத் தெரியவே இல்லை. முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்துதான் பெரும்பாடு. காசநோய்க்கும் சோதித்தார்கள். குடலில் நெடுநாள் அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் என்று ஒன்று உண்டு; குடலில் வரும் காசநோய் பார்ப்பதற்கு அது போலவே இருக்கும். தவிர, பின்னால் கொடுக்கப்போகும் சில மருந்துகள் உடம்பில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்றும் விளக்கினார்கள்.

குடலிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கைச் சோதித்த பயாப்ஸி முடிவு வந்த அன்று, "இது கிரோன் நோய்" என்றார் மருத்துவர். முழுக்கக் குணமாக்க இன்னும் வழி இல்லை, ஆனால் அடக்கி வைக்கலாம், படிப்பு, விளையாட்டு எதுவும் நிற்க வேண்டியதில்லை என்றார். யார் அந்தக் கிரோன் என்று மகள் கேட்டாள். 1932இல் இந்த நோயைப் பற்றித் தன் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதிய அமெரிக்க மருத்துவர் என்று சொன்னார். "அவருக்கும் வயிறு வலிச்சுதா?" என்றாள். அந்த அறையில் அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "நாம கொடுத்த ஏதோ ஒண்ணாலயா?" இந்தக் கேள்வி இல்லாத வீடே இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் பதிலை அழுத்திச் சொல்கிறேன். பிறவியிலேயே உள்ள மரபணுக் கூறுகள், நோய் எதிர்ப்பு மண்டலம், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சூழல் எல்லாம் சேர்ந்து விளைவது இது. ஒரு வேளைச் சாப்பாடோ, பெற்றோரின் வளர்ப்போ, குழந்தையின் பிடிவாதமோ இதைக் கொண்டுவருவதில்லை. தொற்றவும் தொற்றாது.

சிகிச்சை தொடங்கிய விதம்தான் எங்களை மிகவும் பயமுறுத்தியது. ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி தணியும், ஆனால் வளர்ச்சியைத் தடுக்கும். ஏற்கெனவே வளராமல் நிற்கும் குழந்தைக்கு அது கூடுதல் அடி. அதனால் ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு உணவே இல்லாமல், முழு ஊட்டமும் உள்ள மருத்துவத் திரவத்தை மட்டும் குடிக்க வைக்கும் முறையைச் சொன்னார்கள். குழந்தைகளின் கிரோன் நோயை அடக்குவதில் இது ஸ்டீராய்டுக்குச் சமமாக வேலை செய்கிறது, குடல் புண்ணும் ஆறுகிறது, எடையும் கூடுகிறது. வாயால் குடிக்க முடியாவிட்டால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டுக் கொடுப்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு குழந்தை மட்டும் இத்தனை வாரம் எதையும் மெல்லாமல் இருக்க வேண்டும்!

அங்கிருந்த செவிலியர் ஒருவர்தான் எங்களைக் காப்பாற்றினார். மகனுக்கு இதே சிகிச்சையை முடித்திருந்த ஒரு அம்மாவின் சம்மதத்தோடு அவருடன் என்னைப் பேச வைத்தார். மருத்துவர் சொல்லாத எதையும் அந்த அம்மா சிகிச்சையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொன்னார். திரவத்தை நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட கோப்பையில் ஸ்ட்ராவோடு கொடுத்தால் வாசனை தெரியாது. ஒரு நாளைய அளவைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, குடித்ததைக் குழந்தையே குறித்துக்கொள்ளட்டும். முதல் வாரம்தான் மிகக் கடினம், அதன் பிறகு பசி அடங்கும். "சாப்பாட்டு நேரத்துல எங்க இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, அவகிட்ட கேளுங்க" என்றார். நான் கேட்டேன். எங்களோடுதான் உட்காருவேன், ஆனால் கையில் வரைய ஏதாவது வேண்டும் என்றாள். நானாக இருந்தால் அவளை வேறு அறையில் உட்கார வைத்திருப்பேன்.

முதல் வாரம் அவர் சொன்னபடியேதான் போயிற்று. அழுதாள், கோப்பையைத் தள்ளினாள், குழாய் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு ராத்திரி கேட்டாள். பிறகு மெல்ல வலி குறைந்தது. மாடிப்படி ஏறி ஓடும் சத்தம் கேட்டபோதுதான் எத்தனை நாளாக அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தோம் என்பதே உறைத்தது.

தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவன் ஒளிந்து ஒளிந்து சாப்பிட ஆரம்பித்திருந்தான். அக்கா பார்த்தால் பாவம் என்றான். ஒரு நாள், "எனக்கும் வருமா?" என்று கேட்டான். உடன்பிறந்தவருக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்று மருத்துவரே அவனுக்குச் சொன்னார். பெரியவர்களிடம் பேசுவதுபோல் தன்னிடம் பேசியது அவனுக்குப் பெரிய ஆறுதல். நோயுள்ள குழந்தையை விசாரிப்பவர்கள், தயவுசெய்து பக்கத்தில் நிற்கும் குழந்தையையும் பெயர் சொல்லி விசாரியுங்கள்.

உறவினர்களில் பலர், "எது வேணும்னாலும் சொல்லுங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூட அப்போது தெம்பில்லை. என் நாத்தனார் மட்டும், "காலையில பையனை ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு மறுநாளே வந்து நின்றார். உதவி என்றால் எனக்கு இன்றும் அதுதான். அதிசய மருந்து சொன்னவர்களுக்கு, "டாக்டர் சொல்றபடி போறோம்" என்ற ஒரே பதிலைக் கணவரும் நானும் மாற்றாமல் சொன்னோம்.

பள்ளியில் நாங்கள் கேட்டவை கொஞ்சம்தான். கேட்காமலே கழிவறைக்குப் போக அனுமதி, கதவருகே இடம், ஆசிரியரிடம் ஒரு மாற்று உடை. எந்தத் தோழிக்குச் சொல்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டோம்.

நோய் அடங்கியது, சில மாதம் கழித்துத் திரும்பவும் தலைதூக்கியது. இப்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணித்து அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து போகிறது. முதல் டோஸுக்குப் பிறகு இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று டிரிப்ஸில் ஏற்றுவார்கள். இந்த மருந்தில் இருக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் போடக்கூடாது என்பதால், விட்டுப்போன ஊசிகளைத் தொடங்கும் முன்பே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் ஒரு விஷயத்தில்தான். "என் வயித்தைப் பத்தி ஏன் அம்மாகிட்டயே கேக்கறீங்க?" என்று மருத்துவரிடம் வெடித்துவிட்டாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து முதலில் அவள் பேசுவாள், பிறகுதான் நாங்கள். பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயுள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதால், மனநல ஆலோசகரையும் அவ்வப்போது பார்க்கிறாள். அங்கே என்ன பேசினாய் என்று நாங்கள் கேட்பதில்லை.

புதிதாக நோய் உறுதியான குடும்பம் வந்தால் அந்தச் செவிலியர் இப்போது என்னைக் கூப்பிடுகிறார். மூடி போட்ட கோப்பையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். குழந்தை விரும்பினால் என் மகளும் பேசுவாள். அப்போது பெற்றோர் யாரும் அறையில் இருக்கக்கூடாது என்பது அவள் வைத்திருக்கும் நிபந்தனை. அதற்கு நாங்கள் எல்லோரும் கட்டுப்படுகிறோம்.