வெளங்குச்சா?

டிசம்பர் 20 தாண்டினால் எங்கள் அலுவலகத்தில் 'ஃப்ரீஸ்' வந்துவிடும். பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் நேரத்தில் புதிதாக எதையாவது ஏற்றி, அது உடைந்தால் பார்க்க ஆள் இருக்காது. அதனால் ஜனவரி முதல் வாரம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆண்டு முழுக்க நாள்குறித்து ஓடிய ஒருவனுக்கு அந்தப் பதினைந்து நாள் அமைதி வேறு எந்த மாதத்திலும் கிடைப்பதில்லை.

2024 முடியும்போது எனக்குப் பதினோரு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. எங்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அப்பாவின் கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு கணினியில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு, ஏழெட்டு ஆண்டுகள் நிறைய எழுதினார். வேலை பார்த்த காலத்து நினைவுகள், யாருக்கும் அனுப்பாத கடிதங்கள், படித்த புத்தகங்கள் பற்றிய குறிப்புகள். எல்லாம் பாமினி எழுத்துருவில். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. புதிய கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாது. 'தமிழ்' என்று அவர் அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அப்படித்தான் வேலை செய்தன. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ், எடுத்துவிட்டால் வெறும் கிறுக்கல்.

இதற்கு இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக் கடிதங்களைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத பக்கத்தில் ஒட்ட மனம் வரவில்லை. அதோடு அப்பா நடுநடுவே ஆங்கிலச் சொற்களை வேறு எழுத்துருவில் அடித்திருந்தார். எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மாற்றினால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, பாமினியில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். சரி, மாற்றும் நிரலை நாமே எழுதுவோம் என்று பைத்தான் நிரல்மொழியில் தொடங்கினேன். பைத்தானே இப்படி ஒரு விடுமுறையில் பிறந்ததுதான். 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாரத்தில் அலுவலகம் மூடியிருக்கும், வீட்டில் கணினி இருக்கிறது, ஏதாவது செய்வோம் என்றுதான் கைடோ வான் ரோசம் அதை எழுத ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. அந்த விடுமுறை வேலையை வைத்து இன்று நாங்கள் எத்தனையோ பேர் பிழைக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருக்கும்.

முதல் இரண்டு நாளில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. பாமினியில் கொம்பு முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும், அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு, அதாவது ஒலிக்கும் வரிசை. இடம் மாற்றினால் போதும். மூன்றாம் நாள் காலை, மாற்றிய பக்கத்தை வாசிக்க உட்கார்ந்தபோது 'வெளிச்சம்' என்ற சொல் உடைந்து கிடந்தது. 'வௌ' என்று ஒட்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளிவட்டம், அதன் மேல் கொக்கி. 'வெள்ளை', 'வெளியே', 'தெளிவு' எல்லாவற்றுக்கும் அதே கதி.

காரணம் எளிது. பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. 'மௌனம்' என்று எழுத, கொம்பு, ம, அப்புறம் சாதாரண ளகரம். 'வெளிச்சம்' என்பதிலும் கொம்பு, வ, அதே ளகரம். என் நிரல் மூன்றையும் சேர்த்துப் பார்த்த இடமெல்லாம் ஔகாரம் என்று முடிவு கட்டிவிட்டது. இணையத்தில் 'வௌியீடு' என்று உடைந்த சொல்லைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ எழுத்துக் கோளாறு என்று கடந்து போயிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அதைவிட உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் ஒரு புகார் வந்தது. தேடுபெட்டியில் 'கௌதம்' என்று அடித்தால் அந்தப் பெயருள்ள வாடிக்கையாளர் வரவில்லை, பட்டியலிலோ பெயர் தெளிவாக இருக்கிறது. நான் அந்த ஒரு பதிவை அழித்துவிட்டுப் பெயரை மறுபடி அடித்தேன். தேடல் வந்தது. டிக்கெட்டை, அதாவது அந்தப் புகார்ப் பதிவை, மூடினேன். மொத்தம் இருபது நிமிடம். 'விரைவாகத் தீர்த்ததற்கு நன்றி' என்று பதில்கூட வந்தது. இப்போது வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தப் பெயரில் என்ன இருந்தது என்று புரிந்தது. யாரோ கொம்பும் ககரமும் போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார்கள். யூனிகோடில் ஔகாரக் குறி வேறு, ளகரம் வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு பெயர். அன்று நான் தீர்த்தது புகாரை. கோளாறு அப்படியே இருந்தது.

அலுவலகத்தில் அதற்கு மேல் போக நேரம் இல்லை என்பதும் உண்மைதான். அடுத்த டிக்கெட் காத்திருக்கும். பிழை நின்றுவிட்டதா என்றுதான் கேட்பார்கள், ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிப் பல ஆண்டுகள் ஓடினால் நாமும் கேட்பதை விட்டுவிடுகிறோம். எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

இதற்கிடையில் டிசம்பர் 30, திங்கட்கிழமை, பொறுப்பில் இருந்த சக ஊழியர் அழைத்தார். "அண்ணா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு ரிப்போர்ட்ல 2025 டிசம்பர் 30ன்னு வருது." தேதி வடிவத்தில் ஆண்டைக் குறிக்கும் ஒய் எழுத்துகளைச் சிறியதாக எழுதினால் நாட்காட்டி ஆண்டு வரும், பெரியதாக எழுதினால் அந்த வாரம் சேரும் ஆண்டு வரும். ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ, அந்த ஆண்டில்தான் அந்த வாரமும் சேரும் என்பது ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் கணக்கு. அந்த வியாழன் ஜனவரி 2. ஆகவே திங்களும் செவ்வாயும் 2025ஆகிவிட்டன. அந்த நிரல் எழுதப்பட்டது 2023இல். அந்த ஆண்டின் கடைசி நாள் ஞாயிறாக அமைந்து, வாரமும் ஆண்டும் ஒன்றாக முடிந்ததால் பிழை வெளியே தெரியவே இல்லை. ஃப்ரீஸ் நேரம் என்பதால் மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்கி, இரவில் திருத்தம் ஏறியது. வழக்கமாக அதோடு விட்டிருப்பேன். அன்று அவரிடம், "இதே பெரிய எழுத்து வேறெங்கே இருக்குன்னு ஒரு தேடல் மட்டும் போட்டுப் பாருங்க" என்றேன். இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது.

சரி, ளகரத்துக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்தால் ஒரு விதி கிடைத்தது. கொம்போடு வந்த எழுத்தை அடுத்து நிற்கும் ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம்தான்: வெள்ளை, வெளிச்சம், தெளிவு. ஒன்றும் இல்லாமல் வெறுமனே நின்றால் ஔகாரம்: மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி. இருநூறு பக்கம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தவறும் கண்ணில் படவில்லை. அன்றைக்கு இருந்த மகிழ்ச்சியை அலுவலகத்தில் ஒரு வெளியீட்டுக்கும் நான் உணர்ந்ததில்லை.

புத்தாண்டு அன்று காலை சில பக்கங்களை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துவிட்டு, "இது என்ன, வௌங்குச்சாவா? உங்கப்பா இப்படியா சொல்லுவார்?" என்றார். அப்புறம் அவரே, அப்பா கடைசி எழுத்தை இழுக்கும் அதே இழுப்போடு, "வெளங்குச்சா?" என்று சொல்லிக் காட்டினார். எதை விளக்கினாலும் முடிவில் அப்பா கேட்பது அது. பாடம் சொல்லிக்கொடுத்தாலும், மின்விசிறியைக் கழற்றி மாட்டிக் காட்டினாலும்.

என் விதி எழுத்துத் தமிழுக்குச் சரி. விளங்கியதா என்பதை 'வெளங்குச்சா' என்று பேசுகிறபடியே அடிக்கிற மனிதருக்கு அது போதாது. அங்கே ளகரம் ஒன்றும் இல்லாமல்தான் நிற்கிறது, ஆனாலும் அது ளகரம். வடிவத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும். சோதனைகள் எல்லாம் எழுதியிருந்தேன். நானே விதியையும் எழுதி நானே சோதனையையும் எழுதினால், நான் நினைக்காதது இரண்டிலும் இருக்காது. அலுவலகத்தில் இன்னொருவர் நிரலை வாசிக்காமல் எதுவும் ஏறாது, அது சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். அதன் அருமை வீட்டில் தனியாக வேலை செய்தபோதுதான் தெரிந்தது.

மீதி நாட்கள் அம்மாவோடுதான் போயின. அவர் வாசிப்பார், நான் குறித்துக்கொள்வேன். வெளக்கு, வெளம்பரம், வெளஞ்சது என்று சொற்கள் சேர்ந்தன. சில இடங்களில் வாசிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கடிதம் யாருக்கு எழுதியது, ஏன் அனுப்பவில்லை என்று சொன்னார். அந்த நேரத்தில் கணினியை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். விடுப்பு முடிந்தபோது நாற்பது கோப்புகள் பாக்கி.

ஜனவரியில் ஃப்ரீஸ் நீங்கிய முதல் வாரம், மூன்று ஆண்டுக்கு முந்தைய அந்த டிக்கெட்டைத் தேடி மறுபடி திறந்தேன். பெயர்ப் பட்டியலில் இதே கோளாறோடு இன்னும் பலர் இருந்தார்கள். தேட முடியாத வாடிக்கையாளர்களாக இத்தனை நாள் உள்ளே கிடந்திருக்கிறார்கள். தேடலுக்கு முன் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் திருத்தத்தை எழுதிச் சக ஊழியரின் பார்வைக்கு அனுப்பினேன். அதற்கு வீட்டு நிரலிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஔகாரச் சொற்களின் பட்டியல். ளகரச் சொற்களின் பட்டியல் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறது. அதில் இப்போது பதினேழு சொற்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.