லோக்கலில் ஓடியது, சர்வரில் 404: ஏற்காடு வரை ஏற வைத்த ஒரு ரவுட்

ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு அண்ணாவின் வெப்சைட் இது. வெப்சைட் கட்ட உதவும் PHP கருவித்தொகுப்பான லாராவெலில் எழுதியது. முன்பு செய்தவர் பாதியில் விட்டுப் போனதால் சேலத்தில் இருக்கும் என்னிடம் வந்தது. மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்ததும் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை, வருகிறது. “தம்பி, சீசன் போச்சுன்னா அடுத்த வருஷம்தான்” என்று அண்ணா போனில் சொன்னதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் விதிதான் ரவுட். இந்த ரவுட்டில் தங்குமிடம், பகுதி, தேதி என்ற வரிசை. பகுதி, தேதி இரண்டுக்கும் பின்னால் கேள்விக்குறி, அதாவது கொடுக்காமலும் விடலாம். பகுதி மட்டும் கொடுத்தால் சரியாக வந்தது, இரண்டும் கொடுத்தாலும் வந்தது. தேதி மட்டும் கொடுத்தால் அது பகுதியின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒரு பகுதி டேட்டாபேஸில் ஏது?

பகுதிக்கு எழுத்து மட்டும், தேதிக்கு எண்ணும் கோடும் மட்டும் என்று நிபந்தனை போட்டால் தீரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தீராது. லாராவெலுக்குள் இருப்பது சிம்ஃபனி என்ற இன்னொரு PHP தொகுப்பின் ரவுட்டிங். அது ரவுட்டை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவமாக) மாற்றும்போது, கேள்விக்குறி போட்ட இரண்டில் இரண்டாவதை (தேதியை) முதலாவதற்கு (பகுதிக்கு) உள்ளே வைத்துக் கட்டுகிறது. முதலாவது பொருந்தாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கவே பார்க்காது. நடுவில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் கொடுக்க வழியே இல்லை.

தேதிக்கென்று, எண்ணும் கோடும் மட்டும் என்ற அதே நிபந்தனையோடு, தனி ரவுட், அதைக் கையாளத் தனி மெத்தட் எழுதி, பழைய ரவுட்டுக்கு மேலே வைத்தேன். முதலில் பொருந்துவதே ஜெயிக்கும் என்பதால் மேலே வைப்பது முக்கியம். லோக்கலில், அதாவது என் கணினியில், உடனே ஓடியது.

சர்வரில் ஏற்றினால் அதே 404! ஹோஸ்டிங் சப்போர்ட்டில் கேட்டதற்கு “பிரவுசர் கேஷை கிளியர் செய்யுங்கள்” என்ற ஒரே பதில்தான், எத்தனை விதமாகக் கேட்டாலும். கடைசியில், வெறும் ‘வணக்கம்’ காட்டும் புது ரவுட் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். அதற்கும் 404. அப்போதுதான் பிடிபட்டது: சர்வர் என் ரவுட் ஃபைலைப் படிக்கவே இல்லை. முன்பு செய்தவர் ரவுட் கேஷ் (ரவுட்டுகளைத் தொகுத்துச் சேமித்த நகல்) போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது இருக்கும்வரை ஃபைலில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும்.

கேஷ் இருப்பது பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரில். ஃபைல்களை ஏற்ற எனக்குக் கொடுத்த எஃப்டிபி கணக்கில் அது திறக்காது. கன்ட்ரோல் பேனலுக்குப் போனால் ஓடிபி அண்ணாவின் போனுக்குப் போகிறது, எஸ்டேட்டிலோ சிக்னல் இல்லை. பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். வீட்டு வாசலில் முயன்றபோது ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதியானது. அப்புறம் இருவரும் சிக்னல் கிடைக்கும் ஏற்காட்டின் ஒண்டிக்கடை சந்திப்பு வரை போய், அங்கே நின்றபடி உள்ளே நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழித்தோம். தேதிப் பக்கம் திறந்தது. அண்ணா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே இரண்டாவது போன் நம்பரையும் பேனலில் சேர்த்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு முறை ஏற்றியதும் ரவுட் கேஷை அழித்துப் புதிதாகப் போடுகிறேன். விலை, ஆள் எண்ணிக்கை போன்ற ஃபில்டர்களைப் பாதையில் வைக்காமல் குவெரி ஸ்ட்ரிங்கில் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியில்) வைத்துவிட்டேன். அங்கே எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசை குலையாது.