கேக் வெட்டிய அடுத்த கிழமை

கொழும்பில் ஒரு சிறுவர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் கேக் வெட்டுவோம். உடுப்புப் பையைக் கையில் கொடுப்போம். கோப்பில் கையெழுத்து வைத்து மூடுவோம். அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை, ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையைப் பார்க்கும் வரை.

13 வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவள். சம்பளம் மாதாமாதம் தரகரின் கைக்குத்தான் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னதால் 2019இல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அப்போது நாட்டில் தொழிலுக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 14ஆகவே இருந்தது. 2021இல்தான் அதை 16 ஆக்கினார்கள்.

2022இல் அவளுக்கு 18 ஆனது. எரிபொருளுக்கும் காஸுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். பத்தரமுல்லையில் பாஸ்போர்ட்டுக்கும் விடிய விடிய வரிசை. இல்லத்தை விட்டுப் போன அடுத்த கிழமையே அவளிடமிருந்து அழைப்பு.

"மிஸ், துபாய்ல வேலை கிடைச்சிருக்கு. விசிட் விசாவாம். டிக்கெட்டும் அந்த அண்ணனே போடுறாரு."

அந்த 'அண்ணன்' பேஸ்புக்கில் அறிமுகமானவன். மூன்று மாதத்துக்கு முன்பே அவளுடைய பிறந்தநாளைக் கேட்டு வைத்திருந்தான். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. நாங்கள் கோப்பை மூடும் தேதியை அவன் எங்களைவிடக் கவனமாக எண்ணியிருக்கிறான்.

அந்தத் தேதி அவனுக்கு ஏன் முக்கியம் என்பதைத் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் பற்றிய பிரிவு நன்றாகவே காட்டும். 18க்குக் குறைந்தவர் என்றால் அவர் சம்மதித்தாரா என்ற கேள்வியே இல்லை. அந்த வயது தாண்டினால் ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள், இயலாமையைப் பயன்படுத்தினார்கள் என்று காட்ட வேண்டும். அவளோ சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பாள். "சரி, போகலாம். ஒருநாள் மட்டும் பொறு" என்றேன்.

மறுநாள் பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குக் கூட்டிப் போனேன். அவன் தந்த அனுமதிப் பத்திர இலக்கத்தில் எந்த முகவர் நிலையமும் பதிவில் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. புறக்கோட்டையில் இறங்கியதும், "என் பாஸ்போர்ட் அவருகிட்டதான் இருக்கு மிஸ்" என்றாள். அதைத் திரும்ப வாங்க பொலிஸ் வரை போக வேண்டியிருந்தது. அந்த வருடக் கடைசியில்தான் விசிட் விசாவில் போய் ஓமானில் சிக்கிய பெண்களின் செய்தி வெளியே வந்தது.

அவள் அழைத்ததால் தப்பினாள். அவளுக்கு முந்திய வருடம் இல்லத்தை விட்டுப் போன இன்னொருத்தி அழைக்கவில்லை. எங்கள் இலக்கம் அவளிடம் இருந்ததா என்பதைக்கூட அன்று யாரும் கேட்டு வைக்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இப்போது 17 வயதிலேயே தொடங்கிவிடுகிறேன். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். பெரியம்மாவிடமோ இல்லத்து அலுமாரியிலோ இருக்கக் கூடாது. வங்கிப் புத்தகம் அவர்களின் பெயரில். தங்க ஓர் இடம், நம்பிக்கையான ஒரு வேலை. கம்பியூட்டர் தெரிந்த பையன்களுக்குத் தாய்லாந்து வேலை என்று சொல்லி மியன்மாரின் மியாவடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கதையைத் தனியாக உட்கார வைத்துச் சொல்கிறேன். போன பிறகும் மாதம் ஒருமுறை நானே அழைக்கிறேன். இது என் வேலை விவரத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், என் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். போனில் பதிந்து வைத்தால் போதாது, முதலில் பறிபோவது போன்தான். அடுத்த மாதம் ஒருத்திக்கு 18 ஆகிறது. நேற்றுக் கேட்டபோது கடைசி இரண்டு எண்களையும் மாற்றிச் சொன்னாள். நாளைக்கும் கேட்பேன்.