ஏற்காட்டில் ‘சி’ உரிமம்: வாங்கியதும், வாங்கிய பின்னும்

சேலம் மாவட்டத்தில் கேபிள் டிவி நடத்தும் பலர் பிராட்பேண்டுக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஃபிரான்சைஸியாகத்தான் தொடங்குகிறார்கள். ஏற்காட்டில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நாகலூர் பக்கம் மழையில் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்தால் வாடிக்கையாளர் எங்களைத்தான் கூப்பிடுவார். ஆனால் நெட் வராத நாட்களுக்குப் பணத்தைக் கழிக்க எங்களுக்கு உரிமை கிடையாது. சொந்த உரிமம் எடுக்க முடிவு செய்தது அதனால்தான்.

இன்டர்நெட் சேவை உரிமத்தில் மூன்று வகை. ‘ஏ’ நாடு முழுவதற்கும், ‘பி’ ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் (பெரும்பாலும் ஒரு மாநிலம்), ‘சி’ சேலம் போன்ற ஒரு எஸ்.எஸ்.ஏ. (வட்டத்துக்குள் வரும் சிறிய தொலைபேசிப் பகுதி) அளவுக்கும். நாங்கள் விண்ணப்பித்தபோது நுழைவுக் கட்டணம் ‘ஏ’வுக்கு 30 லட்சம், ‘சி’க்கு 20,000 ரூபாய். விண்ணப்பப் பரிசீலனைக்குத் தனியாக 10,000. காலம் 20 ஆண்டுகள். “லைசென்ஸா, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம்” என்று ஒதுங்கிப்போன நல்ல ஆபரேட்டர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தத் தொகைகளை எழுதுகிறேன்.

தனிநபர் பெயரில் உரிமம் கிடைக்காது, பதிவு செய்த கம்பெனி வேண்டும். அப்பா பெயரில் இருந்த கேபிள் தொழிலை அப்படியே வைத்துக்கொண்டு தனியாக ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கினோம். “கம்பெனியோட அடிப்படை ஆவணமான மெமோரண்டத்துல நோக்கம் எழுதறப்பவே இன்டர்நெட் சேவைன்னு தெளிவா போட்டுருவோம்ங்க. அப்புறம் திருத்தப் போனா தனித் தீர்மானம், தனி ஃபீஸ்” என்றார் ஆடிட்டர். நல்ல யோசனை. விண்ணப்பம் முழுக்க தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் என்ற இணையப் போர்ட்டலில்தான்.

உரிமத்துக்காகக் கொடுக்க வேண்டிய வங்கி உத்தரவாதம்தான் இழுத்தடித்தது. தொலைத்தொடர்புத் துறை தந்த வாசகத்தில் ஒரு சொல்கூட மாறக் கூடாது. வங்கிக் கிளையோ தன் வழக்கமான வாசகத்தில் அடித்துக் கொடுத்தது. அது திரும்பி வந்தது, மறுபடி முத்திரைத்தாள் வாங்க வேண்டியிருந்தது. அச்சடிப்பதற்கு முன்பே மேலாளரோடு உட்கார்ந்து இரண்டு வாசகங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிச் சொந்தமாக ஃபைபர் இழுப்பதென்றால் வனத்துறை அனுமதி, நெடுஞ்சாலைத் துறை அனுமதி என்று அது தனி வேலை. ஏற்கெனவே மேலே ஃபைபர் வைத்திருந்த நிறுவனத்திடம் பேண்ட்வித் வாங்கிக்கொண்டோம். கருவி விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலத்திலிருந்து வந்ததென்று அரசின் அனுமதி பெற்ற கருவிகளைத்தான் நெட்வொர்க்கில் புதிதாக இணைக்கலாம். விலை மலிவாக இருக்கிறதென்று ஓ.எல்.டி.க்கு (வீடுகளுக்குப் போகும் ஃபைபர்களை நம் பக்கத்தில் இணைக்கும் கருவி) முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உரிமம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான பொறுப்பு ஆரம்பிக்கிறது. அதில் நான் மிக முக்கியமாக நினைப்பது லாக், அதாவது யார் எப்போது எந்த முகவரியில் இருந்தார் என்ற பதிவு. இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரிகள் போதாததால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே முகவரிதான். யார் எவர் என்று பிரித்துக் காட்டுவது, முகவரியோடு சேர்ந்து வரும் போர்ட் எண் மட்டுமே. எந்த நேரத்தில் எந்த போர்ட் யாரிடம் இருந்தது என்பதைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் வரை ஓராண்டாக இருந்தது, அப்போதுதான் உயர்த்தினார்கள்.

ஒரு பண மோசடி வழக்கில் எங்களுக்கு போலீஸ் கடிதம் வந்தது. ஐ.பி. முகவரியும் நேரமும் இருந்தன, போர்ட் எண் இல்லை. அந்த நேரத்தில் அந்த முகவரியைப் பயன்படுத்தியவர்களில் ஒரு எஸ்டேட் குமாஸ்தா வீடு, ஒரு தங்கும் விடுதி, பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கும் வீடு என்று பலரும் இருந்தார்கள். அத்தனை பெயரையும் எழுதி அனுப்பிவிடுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் விசாரணை போகும். சின்ன ஊரில் வாசலில் போலீஸ் வண்டி நின்றாலே போதும், அந்தக் குடும்பத்துக்கு எத்தனை காலம் பேச்சு! “சார், போர்ட் நம்பர் வேணும்ங்க, நேரம் இந்திய நேரமா யு.டி.சி.யான்னும் வேணும்ங்க” என்று எழுத்திலேயே பதில் கொடுத்தோம். யு.டி.சி. என்பது உலகப் பொது நேரம், இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அதைப் பார்க்காவிட்டால் சம்பந்தமே இல்லாத ஆள் மாட்டுவார். விசாரித்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, விவரம் வாங்கி அனுப்பினார். ஒரே ஒரு இணைப்புதான் வந்தது.

நம் சர்வர் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைத்து வைக்க வேண்டுமென்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதோடு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தொகுதி போர்ட்டுகளை மொத்தமாக ஒதுக்கினால் லாக் அளவு வெகுவாகக் குறையும். விடுதிகளைப் பொறுத்தவரை எங்கள் லாக் அவர்கள் ரவுட்டரோடு நின்றுவிடும். அதனால் விருந்தினர்களுக்கு ஓ.டி.பி. லாகின் வையுங்கள் என்று ஒவ்வொரு விடுதிக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு பற்றி இரண்டு வரி. சரிக்கட்டிய மொத்த வருவாயில் (அனுமதித்த கழிவுகள் போக மீதி வருவாய்) 8 சதவீதம் உரிமக் கட்டணம். முதல் மூன்று காலாண்டுகளுக்கு, காலாண்டு முடிந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். கடைசிக் காலாண்டுக்கு மட்டும் மார்ச் 25. ஆண்டு முடிந்து ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வட்டி விழும்.

2023 தொலைத்தொடர்புச் சட்டத்தால் பழைய உரிம முறை அங்கீகார முறையாக மாறுகிறது. அதனால் நான் சொன்ன தொகைகளைப் போர்ட்டலில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். லாக் சர்வருக்கான பணத்தை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.